ஹெட் போல்ட்டும் கைப்பதமும்: மேற்குச் சென்னைப் பட்டறையாளருக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், அவற்றுக்கு இடைப்பட்ட தெருக்களின் தகரக் கொட்டகைகளிலும், பழைய கார்களின் இன்ஜின்களைப் பிரித்துச் செப்பனிட்டு மறுபடியும் உயிர்ப்பித்துக் கொடுக்கும் மெக்கானிக்குகளுக்கும், அவர்களிடம் தொழில் பயிலும் தம்பிமார்க்கும், பாட்டனார் ஓட்டிய வண்டியை விற்க மனமில்லாமல் தாமே பிரித்துப் பார்க்கத் துணிந்திருக்கும் அன்பர்களுக்கும்:

அன்புடையீர்,

இம்மடல் ஒரே ஒரு காரியத்தைப் பற்றியது. இன்ஜினை முழுவதும் பிரித்து, போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, வால்வு தேய்த்து, கிராங்கை லேத்துக்கு அனுப்பித் திரும்பப் பெற்று, இத்தனை சிரமமும் இத்தனை செலவும் ஆனபின்பு, மேலே ஹெட்டை வைத்து நட்டுகளை முடுக்குகிற அந்த அரைமணி நேரத்து வேலையை நாம் எவ்வாறு செய்கிறோம் என்பதே விஷயம். வாரக்கணக்கில் சிரத்தையோடு உழைத்தவர்கள் அந்த அரைமணி நேரத்தில் மட்டும் சாஸ்திரத்தை மறந்து தோள்வலிமையை நம்பிவிடுகிற வழக்கம் நம் வட்டாரத்தில் பரவலாக இருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிற காரணத்தினாலும், அண்மைக் காலத்தில் இவ்வகை வண்டிகள் பட்டறைகளுக்கு முன்னைவிட அதிகமாக வருகின்றன என்பதனாலும், இதை எழுதலானேன்.

வண்டிகள் அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைத் தனி வகுப்பாக ஏற்றுக்கொண்டது. அவற்றுக்குப் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்க் கட்டணம், பத்தாண்டுக் காலச் செல்லுபடி என்றெல்லாம் ஏற்பாடுகள் உள்ளன. ஆனால் அவ்விதியிலே நமக்கு முக்கியமானது வேறொரு நிபந்தனை. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் எதுவும் செய்யப்படாமல் வண்டி தன் மூல ரூபத்தில் இருக்கவேண்டும் என்பது அது. ஒரு காலத்தில், பெட்ரோல் இன்ஜின் கெட்டுவிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஏதோ ஒரு டீசல் இன்ஜினைப் பொருத்திச் சாலைக்கு அனுப்பிவிடுவது சர்வசாதாரணம். அந்த வழி இனி அடைபட்டது. இருக்கிற பிளாக்கையே காப்பாற்றியாக வேண்டும். ஹெட் ஸ்டட்டு ஒன்று முறிந்து பிளாக்குக்குள்ளேயே தங்கிவிட்டால், அல்லது மரை பிளாக்கோடு பிய்ந்து வந்துவிட்டால், முன்போல ‘வேறு இன்ஜின் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கைகழுவ முடியாது.

நாம் வாழும் இந்தப் பூமியின் விசித்திரத்தையும் இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிச மாதிரிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. அதே ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1966-இல் பாடியில் சுந்தரம் பாஸ்டனர்ஸ் தொழிற்சாலை உயர்வலிமைப் போல்டுகளையும் நட்டுகளையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. உலகத்து வாகனங்களுக்கெல்லாம் போல்டு செய்து அனுப்புகிற ஊருக்குப் பக்கத்துத் தெருவில், அந்தப் போல்டை எவ்வளவு முடுக்குவது என்பதை ‘ஒரு கை பார்த்து’ முடிவு செய்கிறோம். இன்னொரு வேடிக்கை: ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியை இயக்கிய லேலண்டு எல்-60 இன்ஜினுக்கு ஹெட்டே கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் சந்திக்கும் அமைப்பு அது. ஆகவே ஹெட்டும் இல்லை, ஹெட் கேஸ்கட்டும் இல்லை. அதனால் அந்த இன்ஜின் தொல்லையற்றதாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அதன் தொல்லைகள் வேறு இடங்களில் வந்தன. ஆனால் நம் கொட்டகைக்கு வரும் வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றுக்கு ஹெட் உண்டு.

உதாரணத்துக்கு நம் ஊர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் உற்பத்தி செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டைச் சென்னைவாசிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அதன் இன்ஜின் பின்னாளில் பெரிதாக்கப்பட்டபோதும், இங்கே 948 சி.சி. இன்ஜினே கடைசிவரை தொடர்ந்தது. சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர், ஓட்டம் 76 மில்லிமீட்டர். பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஹெட்டைப் பிடித்திருப்பவை பத்து ஸ்டட்டுகள். ஒவ்வொன்றும் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டமும், அங்குலத்துக்கு 24 மரையும் உடைய யு.என்.எஃப். வகை. அவற்றின் நட்டுகளை 42 முதல் 46 பவுண்டு-அடி வரை முடுக்கவேண்டும் என்பது கம்பெனிக் கைநூலின் விதி. சோழவரத்துப் பழைய ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் இதே சிறு இன்ஜின் பல வித அவதாரங்களை எடுத்து ஓடியது. அளவு சரியாக இருந்தால் எவ்வளவு துன்பத்தையும் அது தாங்கும்.

இந்த வரம்புக்குள் நாம் எடுத்துக்கொள்ளும் 45 பவுண்டு-அடி என்ற எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டால், ‘நட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதை’ என்று பெரும்பாலோர் விடை சொல்வார்கள். அந்த விடையில்தான் குழப்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது நட்டின் இறுக்கம் அன்று. நட்டு திரும்பத் திரும்ப ஸ்டட்டு மேல்நோக்கி இழுபட்டு நீள்கிறதே, அந்த நீட்சியிலே பிறக்கும் இழுவிசைதான். உருக்கு நீளுமா என்று வியக்கவேண்டாம். நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்டட்டு ஒன்று சரியான அளவுக்கு முடுக்கப்பட்டிருக்கும்போது சுமார் கால் மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நட்டைத் தளர்த்தினால் பழைய நீளத்துக்கே சுருங்கிவிடும். சுருங்கத் துடிக்கும் அந்த முனைப்பே ஹெட்டை அமுக்கி வைத்திருக்கிறது. ஹெரால்டின் ஒரு ஸ்டட்டுக்கு அந்த விசை சுமார் 3.2 டன், பத்துக்கும் சேர்த்து 32 டன். சிலிண்டருக்குள் வாயு தீப்பற்றும் கணத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் நாற்பது மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், ஹெட்டை மேலே தள்ளும் விசை சிலிண்டர் ஒன்றுக்கு ஒன்றேகால் டன்னுக்குச் சற்று அதிகம்தான். பின் எதற்கு இத்தனை டன் என்றால், கேஸ்கட்டின் ஓரம் எங்கும் ஓர் இடம்கூடத் தளராமல் அமுங்கியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 தடவை அந்தத் தாக்குதல் நிகழ்கிறது. அத்தனை தாக்குதலிலும் ஸ்டட்டு தன் இழுவிசைக்குள்ளேயே அடங்கி நிற்கவேண்டும். அடங்காமல் கணந்தோறும் தளர்ந்து இறுகினால் களைத்து முறியும்.

இனி, முறுக்கும் நம் கைக்கும் இழுபடும் ஸ்டட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பார்ப்போம். நாம் ஸ்பேனரில் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிமுகம் வாஷரோடு உராய்வதில் போகிறது; மற்றொரு நாற்பது சதவீதம் மரையோடு மரை உராய்வதில் போகிறது; மிஞ்சிய பத்து சதவீதமே ஸ்டட்டை நீட்டுகிறது. ஆகவே நம் கை உணர்கிற இறுக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வின் குரல். உராய்வு மாறினால், கை ஒரே மாதிரி உணர்ந்தாலும், டார்க் ரெஞ்ச் ஒரே எண்ணில் ‘டிக்’ என்றாலும், உள்ளே இருக்கும் இழுவிசை அடியோடு மாறிவிடும். கணக்கைச் சொல்கிறேன். ஹெரால்டின் ஸ்டட்டை 45 பவுண்டு-அடிக்கு முடுக்குகிறோம். மரை சுத்தமாக இருந்தால் மேலே சொன்ன 3.2 டன். மரையில் துருவும் பழைய கரியும் படிந்திருந்தால் சுமார் 2.2 டன்தான் கிடைக்கும். நட்டு கல்லாக இறுகிவிட்டது என்று நாம் திருப்தியடைவோம், மூன்றாம் மாதம் கேஸ்கட் போய்விட்டது என்று வண்டி திரும்பி வரும். மாறாக, ‘நன்றாக இறங்கட்டும்’ என்று மாலிப்டினம் கலந்த வழுக்குக் கிரீஸைத் தாராளமாகப் பூசிவிட்டு அதே எண்ணுக்கு முடுக்கினால் விசை 5 டன்னை எட்டப்பார்க்கும். கடையில் கிடைக்கும் 8.8 தர ஸ்டட்டு ஏறக்குறைய 3.7 டன்னிலேயே மீளாத நீட்சிக்கு உள்ளாகிவிடும், 4.6 டன்னுக்கு மேல் அறுந்துபோகும். அறுந்தவுடன் நாம் ஸ்டட்டின் ஜாதியைப் பழிப்போம், விற்ற கடைக்காரரைப் பழிப்போம்.

எனவே, முடுக்கும் வேலை ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, மரையை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு நட்டும் விரலாலேயே அடிவரை இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். விரலுக்கு இறங்காத நட்டை ஸ்பேனரால் இறக்குவது தவறு. பிளாக்கிலுள்ள மரைத்துளைகளைச் சுத்தம் செய்யப் புதிய வெட்டும் டேப்பை விடாமல், பழைய தேய்ந்த டேப்பையோ, பழைய ஸ்டட்டில் பக்கவாட்டில் ஒரு பள்ளம் அறுத்துச் செய்துகொண்ட கருவியையோ விட்டால் போதும்; வெட்டும் டேப்பு அழுக்கோடு கூட வார்ப்பிரும்பையும் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். துளை அடைபட்ட துளையாக இருந்தால், உள்ளே தேங்கிய எண்ணெயையும் நீரையும் முழுவதும் வெளியேற்றியாக வேண்டும்; திரவம் அமுங்காது ஆகையால், மேலிருந்து ஸ்டட்டு இறங்க இறங்க அடியிலுள்ள எண்ணெய் போக்கிடமின்றிப் பிளாக்கையே பிளந்துவிடக் கூடும். கம்ப்ரஸர் காற்று விடும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது கண்ணாடி அணியுங்கள். தம்பிமார்க்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள். பல்லாண்டு இழுபட்டதால் துளையின் வாயைச் சுற்றி உலோகம் சற்று மேலே எழும்பி ஒரு விளிம்பு கட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்புதான் ஹெட்டை நட்டு நட்டாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேஸ்கட்டை அமுங்கவிடாமல் செய்வது. அதை மட்டமாக்கி, துளை வாயில் இலேசாகச் சரிவு கொடுத்துவிட்டு, பின்பு நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் கொண்டு பிளாக், ஹெட் இரண்டின் முகத்தையும் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் சோதிக்கவேண்டும். ஸ்டட்டைப் பிளாக்குக்குள் விரல் இறுக்கத்தோடு நிறுத்துவது போதும். அடியில் போய் முட்டும்படி முறுக்கி நிறுத்துவதால் ஒரு லாபமும் இல்லை. மரை நீர்ப்பாதைக்குள் திறக்கிற இன்ஜின்களில் மட்டும் கசிவைத் தடுக்கும் பசை வேண்டும்.

மரையின் வகையைக் குறித்தும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-இல். அது முழுமையாக அமலுக்கு வர 1962 ஆயிற்று. வண்டிகளோ பெரும்பாலும் அங்குல உலகத்தில் பிறந்தவை. எட்டில் மூன்று அங்குல பி.எஸ்.எஃப். மரைக்கு அங்குலத்துக்கு 20 சுற்று, அதாவது இடைவெளி 1.27 மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர் நுண்மரை நட்டுக்கு இடைவெளி 1.25. இரண்டும் இத்தனை அண்மையில் இருப்பதனால் அந்த நட்டு இந்த ஸ்டட்டில் தாராளமாக ஏறிவிடும், ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். முடுக்கும்போது ஒன்றும் தெரியாது. இன்ஜின் சூடேறிச் சில நாள் ஓடியபின் மரை முழுவதும் வழித்துக்கொண்டு வரும். மரைக் கேஜ் என்ற சிறு கருவிக்கு ஆகும் செலவு இரண்டு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் இராது. லேத்தில் கடைந்து தரும் ஸ்டட்டுகளைப் பற்றி என் அபிப்பிராயம் கண்டிப்பானது: வேண்டவே வேண்டாம். தொழிற்பேட்டையின் லேத்துக்காரர்கள் கைதேர்ந்தவர்கள், அவர்களால் அச்சுப் பிசகாமல் கடைந்து தர முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உருவம் ஒத்திருப்பது வேறு, உருக்கின் குணம் ஒத்திருப்பது வேறு. தொழிற்சாலைப் போல்டின் மரை வெட்டப்படுவதில்லை, உருளைகளுக்கிடையே அழுத்தி உருட்டப்படுகிறது. உலோகத்தின் இழை அறுபடாமல் மரையின் வளைவோடு வளைந்து செல்கிறது. முன்பின்னாகப் பதமான வெப்பச் சிகிச்சையும் பெறுகிறது. சாதாரண இரும்புக் கம்பியில் வெட்டிய மரைக்கு இந்தப் பாக்கியம் ஒன்றும் கிடையாது.

இத்தனையும் முடிந்தபின் முடுக்கும் கிரமத்துக்கு வருவோம். ஹெட் என்பது பார்வைக்கு அசையாத பாறையாகத் தோன்றினாலும், டன் கணக்கான விசைக்கு முன்னால் வளையக்கூடியதே. ஒரு கோடியில் முழுதும் இறுக்கிவிட்டு மறு கோடிக்குப் போனால் நடுப்பகுதி மேலே வளைந்து நின்றுவிடும். இரு கோடிகளையும் இறுக்கிவிட்டு நடுவுக்கு வந்தால், அமுங்கும் கேஸ்கட்டு விலகிச் செல்ல இடமின்றி நடுவில் திரண்டுவிடும். ஆகவேதான் நடுவிலுள்ள ஸ்டட்டுகளில் தொடங்கி, இடமும் வலமுமாக, எதிரும் புதிருமாக, சுருள் விரிவதைப்போல வெளிநோக்கிச் செல்லவேண்டும் என்ற விதி. அதையும் ஒரே மூச்சில் செய்யலாகாது. ஹெரால்டுக்கு முதற்சுற்றில் 15, இரண்டாம் சுற்றில் 30, மூன்றாம் சுற்றில் 45 பவுண்டு-அடி. மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் வலந்தலைக்குச் சுருதி கூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்: ஓரிடத்தில் ஓங்கி அடித்து ஏற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகமாட்டார், சுற்றிச் சுற்றித் தட்டி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரே நாதம் பேசும்வரை காதைத் தோலிலேயே வைத்திருப்பார். ஓர் இடம் ஏறினால் பக்கத்து இடம் இறங்குகிறது என்பதை அவர் அறிவார். இங்கும் அதுவே நடக்கிறது. பத்தாவது நட்டை முடுக்கும்போது கேஸ்கட் மேலும் அமுங்குகிறது. அதனால் முதலில் முடுக்கிய நட்டு தன் இழுவிசையில் ஒரு பகுதியை இழந்திருக்கிறது. மூன்று சுற்றும் முடிந்தபின் கடைசி அளவிலேயே இன்னொரு சுற்றும் வந்தாகவேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம். முதல் முறை அந்தச் சுற்று வருகிறவர் தம் நட்டுகள் இன்னும் திரும்புவதைக் கண்டு திடுக்கிடுவார்.

கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றவேண்டும், இன்ஜின் முழுதும் ஆறியிருக்கவேண்டும். இந்த இடத்தில் அம்பாஸடர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அதன் 1,489 சி.சி. இன்ஜினில், ராக்கர் தண்டைத் தாங்கும் கால்களைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரை மட்டும் கழற்றிப் பார்க்கலாம் என்று அந்த நான்கையும் தளர்த்திவிட்டால், ஒரு வரிசையில் பிடி அடியோடு போய், மறு வரிசை முழு விசையோடு இழுத்துக்கொண்டிருக்க, ஹெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணும். நீர் சிலிண்டருக்குள்ளும் ஆயில் சம்புக்குள்ளும் இறங்கும். ஆகவே ராக்கருக்காகக் கை வைத்தாலும், முதலில் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்தியாக வேண்டும். ஹெரால்டில் ராக்கர் கால்களுக்குத் தனி நட்டுகள் இருப்பதால் இந்தச் சங்கடம் இல்லை. பியட் 1100 வகையிலோ சங்கடம் வேறு விதம்: ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. அலுமினியம் உருக்கைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும் உலோகம் ஆதலால், இன்ஜின் சூடேறியதும் ஹெட் பருத்துப் போல்டின் இழுவிசையைக் கூட்டிவிடுகிறது. சூடாக இருக்கும்போது அளவு பார்த்து முடுக்கினால், குளிர்ந்தபின் அந்த அளவு இராது. சித்திரை வைகாசியில் தகரக் கூரையின் கீழ் இன்ஜின் ஆறுவதற்கு ஓர் இரவு முழுவதும் ஆகும். அந்த இரவைக் கொடுங்கள்.

டார்க் ரெஞ்சைப் பற்றிச் சிலர் பயபக்தியோடும் சிலர் பரிகாசத்தோடும் பேசுகிறார்கள். இரண்டும் மிகை. ரெஞ்ச் கையில் இருந்தாலும், உராய்வின் வேறுபாட்டால் இழுவிசை ஸ்டட்டுக்கு ஸ்டட்டு நூற்றுக்கு இருபத்தைந்து பங்குவரை ஏறி இறங்கக்கூடும் என்று பொறியியல் நூல்கள் ஒப்புக்கொள்கின்றன. வெறும் கைப்பதத்தில் அது முப்பத்தைந்தாகிறது. மரையைச் சுத்தம் செய்யாமல் ரெஞ்ச் வாங்கியவர், சுத்தம் செய்து சாதாரண ஸ்பேனரைப் பிடித்தவரைவிட அதிகம் சாதித்துவிடவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்தால்தான் வேலை வேலையாகும். ரெஞ்சின் எண்களில் ஒரு கண்ணி உண்டு. 45 பவுண்டு-அடி என்பது 6.2 கிலோகிராம்-மீட்டர், அதுவே 61 நியூட்டன்-மீட்டர். இக்காலத்து ரெஞ்சுகள் நியூட்டன்-மீட்டரைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் பொறித்து வருவதால், கைநூலில் 45 என்று படித்து, நியூட்டன் கோட்டில் 45-ஐ வைத்து முடுக்கி, வேண்டியதில் கால் பங்கைக் குறைத்துவிடுகிற பிசகு அடிக்கடி நேர்கிறது. ‘ஆறு கிலோ போதும் சார்’ என்று நம் பட்டறைகளில் வழங்கும் பேச்சு ஹெரால்டுக்குப் பெரும்பாலும் சரியாகவே பொருந்துகிறது. அதைச் சொன்ன முதல் மெக்கானிக் கைநூலைப் படித்தவராகவே இருந்திருக்க வேண்டும். ரெஞ்சை நட்டுத் தளர்த்தப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கின் சுமையை இறக்கி மிகக் குறைந்த எண்ணில் வைக்கவேண்டும். ஆண்டுக்கொரு முறை அல்லது 5,000 தடவை பயன்படுத்தியபின் சரிபார்க்கவேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. இழுக்கும்போது விட்டுவிட்டு இழுக்காமல் ஒரே சீராக இழுக்கவேண்டும். ஏற்கெனவே முடுக்கி நின்றுவிட்ட நட்டின்மீது ரெஞ்சை வைத்துச் சோதித்தால், நின்ற நட்டை அசைக்க அதிக விசை வேண்டியிருப்பதால், நட்டு நகராமலே ‘டிக்’ என்று சொல்லி நம்மை ஏமாற்றும். சோதிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஓட்டமாக முடுக்கிப் பார்க்கவேண்டும், ஒரு சமயத்தில் ஒரே நட்டாக.

‘எங்கள் குருநாதர் ஆயுள் முழுவதும் ரெஞ்ச் இல்லாமல் முடுக்கினார், ஒரு ஹெட்கூடப் புகையவில்லையே’ என்று உங்களுள் மூத்தவர்கள் கேட்கக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. அவர் கையில் இருந்தது எட்டு அங்குல நீள ரிங் ஸ்பேனர். அதன் நுனியில் முப்பது கிலோ இழுத்தால் 45 பவுண்டு-அடி கிடைக்கிறது. முப்பது கிலோ என்பது வலுவான மனிதன் ஒரு கையால் நின்றபடி இழுக்கிற அளவுதான். அதாவது ஸ்பேனரைச் செய்தவன் அதன் நீளத்திலேயே ஓர் அளவை ஒளித்துவைத்திருந்தான், குருநாதர் அந்த நீளத்தை ஒருபோதும் மாற்றவில்லை. இன்று அதே ஸ்பேனரில் இரண்டடிக் குழாயைச் செருகி முடுக்குகிறோம். பத்துக் கிலோ இழுத்தாலே அதே முறுக்கு வந்துவிடுகிறது, இருபது கிலோ இழுத்தால் இரட்டிப்பு. இறங்குகிற நட்டு திடீரென்று மிருதுவாவதை அவருடைய விரல் உணர்ந்து நிறுத்திவிடும். ஸ்டட்டு மீளாத நீட்சிக்குப் போகும் தறுவாயில் வரும் மென்மை அது. அந்த உணர்வு நாற்பது ஆண்டு அப்பியாசத்தில் வந்தது. சேர்ந்து இரண்டாண்டு ஆகாத பையனுக்கு அதையே நாம் கைப்பதம் என்ற பேரில் விட்டுச்செல்வது நியாயமாகாது. காற்றுத் துப்பாக்கியால் ஹெட் நட்டை முடுக்குகிறவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

நியாயம் என்று பேசும்போது, போல்டுகளின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லவேண்டும். கேஸ்கட் ஊதிவிட்டது என்றால் உடனே ‘டைட் பத்தவில்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றிவரும் பழக்கத்தினால், உப்புப் படிந்து நீர்ப்பாதைகள் அடைபட்டு, நாலாவது சிலிண்டர்ப் பக்கம் கொதித்து, ஹெட் வளைந்து கேஸ்கட் எரிந்த வழக்குகள் ஏராளம். வளைந்த ஹெட்டை எத்தனை டன் போட்டு அமுக்கினாலும் நிமிராது. மட்டம் தேய்த்தே ஆகவேண்டும். பழைய கேஸ்கட்டை ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று மறுபடி மாட்டுவதும் வீண். ஒருமுறை அமுங்கிய செம்பு மறுமுறை அமுங்காது. மேலும், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட கேஸ்கட்டுகளில் செம்புத் தகடுகளுக்கு நடுவே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ். அதை உலர்ந்தபடி சுரண்டுவதும், கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும், காற்றடித்துப் பறக்கவிடுவதும் நுரையீரலுக்கு ஆகாத காரியங்கள். நீர் தெளித்து நனைத்து, ஈரத்தோடு எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள்.

ஹெட் ஏறிவிட்டது, இன்ஜின் ஓடிவிட்டது என்றதும் வேலை முடிந்ததாகக் கருதி வண்டியை ஒப்படைத்துவிடுவது கடைசிக் குறை. முன்பு சொன்ன கால் மில்லிமீட்டர் நீட்சியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். புதிய கேஸ்கட் முதல் சில சூட்டிலும் குளிரிலும் நூறில் ஐந்து பங்கு மில்லிமீட்டர் தணிந்துவிட்டால் போதும், ஸ்டட்டின் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆதலால் இன்ஜினை ஒருமுறை நன்றாகச் சூடேற்றி முழுதும் ஆறவிட்டபின் ஒருமுறையும், ஐந்நூறு மைல் அளவு ஓடிவந்தபின் மறுமுறையும், அதே வரிசையில், அந்தந்த நட்டை இலேசாகத் தளர்த்தி மறுபடி அளவுக்குக் கொண்டுவரவேண்டும். வண்டிக்காரர் ‘ஓடுகிறதே, மறுபடி எதற்கு’ என்று தயங்கினால், முதற்கூலியிலேயே இந்த மறுமுடுக்கும் அடங்கும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஹெட் கீழே இறங்கியிருக்கிற அளவுக்கு ராக்கரின் இடைவெளி குறைந்திருக்கும். ஆகவே டாப்பெட்டை மறுபடி வைத்தாக வேண்டும், ஹெரால்டுக்குக் குளிர்ந்த நிலையில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர்.

இன்னும் ஒரே ஒரு கோரிக்கை உண்டு. முடுக்கிய தேதி, அளவு, அலகு, மரைக்கு எண்ணெய் இட்டதா உலர்ந்ததா, ஸ்டட்டுகள் பழையனவா புதியனவா, மறுமுடுக்கு எந்தத் தேதியில் என்ற இவ்வளவையும் ஓர் அட்டையில் எழுதி, வண்டியின் புத்தகத்தோடு வைத்துக் கொடுங்கள். அடுத்த முறை அந்த ஹெட்டைத் திறக்கப்போகிறவர் பூந்தமல்லியிலோ ஆவடியிலோ வேறொரு கொட்டகையில் இருப்பவராகவும் இருக்கலாம். உலர்ந்த மரைக்கு வைத்த எண்ணை அவர் எண்ணெய் மரைக்கு வைத்துவிடக் கூடாது.

இங்ஙனம்,
தங்கள் அன்பன்,
கொரட்டூர்வாசியான ஒரு பழைய பிட்டர்